மனமும் நோயுறும், மருந்தும் உண்டு

க.பொ.த. (உயர்தரம்) இரண்டாம் வருடம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

காய்ச்சல் வந்தால் அயலவர் எல்லோருக்கும் சொல்கிறோம். சீனி வருத்தம் வந்தால் கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் இருந்துகொண்டே, "எனக்கு வட்டிலப்பம் வேணாம், சீனி கூடிட்டு" என்கிறோம். பிரஷர் குளிசையின் நிறத்தைக்கூட அடுத்த வீட்டு மாமியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மனதில் ஒரு வருத்தம் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உடம்பில் ஏனைய எந்த உறுப்பும் நோயுற உரிமை உண்டு, மூளைக்கு மட்டும் அந்த உரிமை இல்லை என்பது போல நடந்துகொள்கிறோம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய பின் கிடைத்த நீண்ட விடுமுறையில் தையலும் கேக் ஐசிங்கும் பழகப் போன நண்பிகள் பலர். நானும் வேறு சிலரும் மூன்று மாத உளவியல் சான்றிதழ்ப் பாடநெறி ஒன்றுக்குச் சென்றோம். பின்னர் உயர்தரத்தில் உயிரியலை எடுத்தபோது, நரம்புத் தொகுதி அலகின் கடைசிப் பக்கங்களில் மனச்சோர்வு, சிசோபிரினியா, அல்சைமர், பார்க்கின்சன் என்ற பெயர்கள் ஒரே வரிசையில் வந்து நின்றன. எனக்கு அந்த வரிசை பெரிய பாடமாக இருந்தது. கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளியைப் பார்த்து "மனதைத் திடப்படுத்து, நடுக்கம் நிற்கும்" என்று யாரும் சொல்வதில்லை. அதே வரிசையில் நிற்கும் மனச்சோர்வு நோயாளிக்கு மட்டும் அந்தப் புத்திமதியைத்தான் சொல்கிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து இதுதான். மனநோய் விடயத்தில் எமது வீடுகளில் இரண்டு தவறுகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மூத்தவர்கள் இருக்கும் நோயை மறைக்கிறார்கள். என் வயதினர் பலர் இல்லாத நோயைச் சொல்லித் திரிகிறார்கள். இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் விளைவு ஒன்றுதான். உண்மையில் நோயுற்ற பிள்ளைக்குச் சிகிச்சை தாமதமாகிறது.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்கிறேன். அப்போதுதான் பெற்றோர் மற்றதைக் கோபமில்லாமல் வாசிப்பார்கள்.

பாடநெறி தொடங்கி இரண்டு வாரம் ஆகுமுன் எங்கள் வகுப்பில் நோயில்லாதவர் எவரும் மிஞ்சவில்லை. காலையில் சந்தோஷமாக வந்து மாலையில் அழுதவளுக்கு "பைபோலர்". கொப்பிக்கு அளவாக உறை போட்டு அடுக்கி வைப்பவளுக்கு "ஓ.சி.டி". மாதாந்தப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு முப்பது புள்ளி எடுத்தவளுக்கு "டிப்ரெஷன்". மருத்துவ பீட மாணவர்களுக்கும் இப்படி நடப்பதுண்டாம். இருதய நோய் படிக்கும் வாரத்தில் தம் நெஞ்சு வலிக்கிறதாம். படிப்பவருக்கு இது சிரிப்பாக முடிந்துவிடும். ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோ பார்த்துத் தனக்குத் தானே நோய்ப்பெயர் வைத்துக்கொள்ளும் பிள்ளையின் கதை அப்படியல்ல. அவள் பத்துத் தடவை "எனக்கு டிப்ரெஷன்" என்று சொல்லும்போது, பதினோராவது தடவை வேறொரு பிள்ளை உண்மையாகவே சொன்னாலும் உம்மாவின் காதில் அது "படிக்கக் கள்ளம்" என்றே விழும்.

அப்படியானால் கவலைக்கும் நோய்க்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது? உளவியலில் நான் கற்றவற்றுள் மிகப் பயனுள்ளது இதுதான். மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு காலமாக? எவ்வளவு கடுமையாக? அன்றாட வாழ்வில் எதை நிறுத்திவிட்டது?

மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம. வைத்தியர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். நாள் முழுவதும் நீடிக்கும் துயரம், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, பசியிலோ நிறையிலோ மாற்றம், தூக்கமின்மை அல்லது மிதமிஞ்சிய தூக்கம், அசைவிலும் பேச்சிலும் மந்தம் அல்லது அமைதியின்மை, களைப்பு, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், கவனம் செலுத்த முடியாமை, மரணத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்கள் என்பனவே அவை. இவற்றில் ஐந்தாவது, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதலிரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு அந்த நிலை படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதித்திருக்க வேண்டும். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அழுவது இதற்குள் அடங்காது. பெறுபேறு வந்து ஒரு மாதமாகியும் குளிக்க எழும்பாமல், தலை வாராமல், பிடித்த கறியையும் தொடாமல், சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பது அடங்கும்.

பரீட்சைப் பயமும் அப்படியே. 1908ஆம் ஆண்டிலேயே யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விடயத்தைக் கண்டார்கள். அது இன்று பொதுவாக இப்படி விளக்கப்படுகிறது: தூண்டல் மிகக் குறைவாக இருந்தாலும் செயல் சரியாக அமையாது, மிகக் கூடினாலும் அமையாது, நடுவில் ஓர் அளவு இருக்கிறது. ஆகவே கொஞ்சப் பயம் பிள்ளைக்கு நல்லது. வினாத்தாளைக் கண்டதும் கை குளிர்ந்து, மூச்சு முட்டி, படித்தது முழுவதும் மறந்துபோகும் அளவுக்குப் பயம் கூடினால் அது பதகளிப்பு. "இசட் புள்ளி குறைஞ்சா குடும்ப மானம் போயிடும்" என்று ஒவ்வொரு இரவும் சொல்வது அந்த அளவைக் கூட்டுமே தவிர, புள்ளியைக் கூட்டாது.

எமது வீடுகளில் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் ஒரு நோயையும் சொல்ல வேண்டும். வுழூச் செய்த பின் "முழங்கை நனைந்ததா, இல்லையா" என்று ஒரு தடவை சந்தேகம் வருவது எல்லோருக்கும் இயல்பு. ஒருத்தி அதே வுழூவைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை செய்கிறாள். கைத்தோல் வெடிக்கிறது. தக்பீர் கட்டுவதும் கலைப்பதுமாக நிற்கிறாள். தொழுகை நேரமே கடந்து போகிறது. தான் செய்வது மிகை என்று அவளுக்கே தெரியும், ஆனால் நிறுத்த முடியவில்லை. வீட்டில் சிலர் இதைப் பேணுதல் என்று மெச்சுகிறார்கள். வேறு சிலர் "தண்ணி பில்லு கூடுது" என்று ஏசுகிறார்கள். இரண்டுமே அவளுக்கு உதவாது. வஸ்வாஸ் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சந்தேகம், இந்த அளவைக் கடக்கும்போது ஓ.சி.டி என்ற நோயாகலாம். கொப்பியை அடுக்கி வைப்பவளுக்கு இருப்பது ஒழுங்கு. இவளுக்கு இருப்பது வேதனை. இதற்குப் பேச்சு முறைச் சிகிச்சையும் மருந்தும் உண்டு.

இனி மூத்தவர்களின் பக்கத்துக்கு வருகிறேன்.

"எங்கட காலத்துல இந்த டிப்ரெஷன் எல்லாம் எங்க இருந்த?" என்று பலர் கேட்கிறார்கள். நான் என் மூத்தம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அவருடைய சிறு வயதில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் பின் அறையில் ஒரு பெண் இருந்ததாகச் சொன்னார். சாப்பாடு கதவிடுக்கால் போகுமாம். அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்படி ஒருவர் இருப்பதையே சொல்லவில்லையாம். "அவக்கு என்ன வருத்தம் மூத்தம்மா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் மகள், பேரே இல்லாத வருத்தம்" என்றார். ஆக, அந்தக் காலத்திலும் நோய் இருந்தது. அதற்குப் பெயரும் மருந்தும்தான் இருக்கவில்லை.

அந்தப் பெண் எந்தக் காலத்தில் வாழ்ந்தார் என்பதும் யோசிக்க வேண்டியது. சிசோபிரினியா போன்ற கடுமையான நோய்களுக்குப் பலன் தரும் முதல் மருந்தான குளோர்புரோமசின், 1952இல்தான் பாரிஸ் வைத்தியசாலையொன்றில் நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 1949இல், அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் லிதியம் என்னும் சாதாரண உப்பு இருதுருவக் கோளாறுக்கு உதவுவதைக் கண்டறிந்தார். அதற்கு முன் உலகத்தின் பல நாடுகளிலும் பூட்டிய கதவுதான் சிகிச்சையாக இருந்தது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எமக்கு இருக்கிறது. அதனால் அந்தப் பின் அறையை இன்னும் வைத்திருக்க எமக்கு நியாயம் இல்லை.

அடுத்தது, "ஈமான் குறைஞ்சதால வந்த வருத்தம்" என்ற பேச்சு. இதற்கு மார்க்கத்துக்குள் நின்றே பதில் சொல்லலாம். மகன் யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் அழுதழுது யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. அவர் ஒரு நபி. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த வருடத்தைத் துயர ஆண்டு என்றே எமது சீறா நூல்கள் பெயர் வைத்துச் சொல்கின்றன. இவை நோய் அல்ல, துக்கம். ஆனால் துக்கம் ஈமானின் குறைவு அல்ல என்பதற்கு இவை போதும். நோய்க்கு வந்தால், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இன்றி இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதில் மூளையின் நோய் விலக்கப்படவில்லை. புத்தி சுவாதீனம் இழந்தவர் மீது அது திரும்பும் வரை குற்றம் பதியப்படுவதில்லை என்பதும் நாம் மத்ரஸாவில் படித்த பாடம். அல்லாஹ் கணக்கெடுக்காத ஒன்றை அடுத்த வீட்டுக்காரர் ஏன் கணக்கெடுக்க வேண்டும்?

எமது முன்னோர் இதை விளங்கியிருந்தார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 850–934) உடலின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். கோபம், பயம், துயரம், வஸ்வாஸ் என்று உள்ளத்தின் வருத்தங்களை அவர் வகுத்தார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது. மற்றது, காரணம் தெரியாமலே வருவது; அதற்கு உடல் சார்ந்த சிகிச்சையும் வேண்டும் என்றார். வருத்தம் வருமுன்பே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டில் அவசர மருந்தை வைத்திருப்பது போல, என்பதும் அவரது ஆலோசனை. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்திய இந்தப் பிரிப்பை வாசித்தபோது, எங்கள் பாடநெறிக் குறிப்பேட்டில் இருந்ததற்கும் அதற்கும் இடையில் இருந்த நெருக்கம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1154இல் டமஸ்கஸில் நூருத்தீன் கட்டிய வைத்தியசாலையையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையையும் பற்றி வரலாறு பேசுகிறது. கெய்ரோ வைத்தியசாலையில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதியே இருந்தது. அதாவது காய்ச்சல்காரருக்கும் மனநோயாளருக்கும் ஒரே வாசல். எமது பாரம்பரியம் அது. பின் அறை எமது பாரம்பரியம் அல்ல.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. குர்ஆன் ஓதுவதும் துஆக் கேட்பதும் எந்த நோயாளிக்கும் ஆறுதல். நான் மறுப்பது, ஓதுவதை வைத்தியத்துக்குப் பதிலாக வைப்பதைத்தான். கால் உடைந்தவருக்கும் ஓதுகிறோம், ஆனால் ஓதிக்கொண்டே வைத்தியசாலைக்கும் கொண்டுபோகிறோம். மனம் உடைந்தவருக்கு மட்டும் ஏன் பாதி வழியில் நிற்கிறோம்?

என் உறவினர் ஒருவருக்கு நடந்ததை, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். முதல் பிள்ளை கிடைத்து இரண்டு கிழமைக்குப் பின் ராத்தா பேசுவதைக் குறைத்தார். பிள்ளை அழுதால் பார்த்துக்கொண்டே இருப்பார், தூக்கமாட்டார். இரவில் பிள்ளை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. "நான் உம்மாவா இருக்கத் தகுதியில்லாதவ" என்று ஒரு நாள் சாச்சியிடம் சொன்னார். வீட்டில் கண்ணூறு என்றார்கள். பிறகு ஜின் என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கறுப்பு நூல் கட்டினார்கள், தூரத்து ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வந்து பெருந்தொகைப் பணமும் கொடுத்தார்கள். ஏழு கிழமை இப்படிப் போனது. இறுதியில் பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வந்த குடும்ப நல உத்தியோகத்தர்தான், பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். "இது பிள்ளை பெத்த பிறகு வாற மனச்சோர்வு. நிறையப் பேருக்கு வாறது. நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க" என்றார். போனார்கள். மருந்தும், வாரந்தோறும் பேச்சும். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது ராத்தா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சவர்க்காரத்தை எடு, சும்மா நிக்காம" என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு அவருடைய உம்மா அழுதுவிட்டார்.

அந்த ஏழு கிழமைகளைத்தான் நான் பேசுகிறேன். வீட்டில் எல்லோரும் அவரில் அன்பு வைத்தவர்கள். எவரும் கெட்டவர் அல்லர். அறிவு மட்டும் ஏழு கிழமை பிந்தி வந்தது. பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இலிருந்து இருக்கிறது. அறிவு எவ்வளவோ காலமாக இருந்தும், அது எங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும் வழியில்தான் தடைப்பட்டு நின்றது.

எமது நாட்டின் சட்டமும் இந்த வழியில் மெதுவாகத்தான் நடந்து வந்திருக்கிறது. மனநோயாளர் பற்றிய எமது கட்டளைச் சட்டம் 1873ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. தன் உயிருக்குத் தானே தீங்கு செய்ய முயன்றவரை 1998 வரை சட்டம் குற்றவாளியாகவே பார்த்தது. அந்த ஆண்டு அது நீக்கப்பட்டது. துயரத்தின் எல்லைக்கே போனவருக்கு வேண்டியது வைத்தியர், பொலிஸ் அல்ல என்று நாடு ஏற்றுக்கொண்டது. நாம் ஏற்றுக்கொண்டோமா? அது ஹராம் என்பது எமக்குத் தெரியும். ஆனால் அப்படி ஓர் எண்ணம் வருவதாக ஒரு பிள்ளை வாய் திறந்தால், "அஸ்தஃபிருல்லாஹ், இதையெல்லாம் பேசாத" என்று வாயை அடைப்பது அவளைக் காப்பாற்றாது. அவள் அடுத்த தடவை எவரிடமும் சொல்லமாட்டாள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேளுங்கள், பக்கத்தில் இருங்கள், தனியே விடாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் இன்றும் கடல் சத்தம் கூடிய இரவுகளில் எழும்பிக் கதவைப் பார்க்கும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அது கோழைத்தனம் அல்ல, மனத்தில் பட்ட காயம். அந்தப் பேரழிவுக்குப் பின்னர்தான் கொழும்புக்கு வெளியே, மாவட்டங்களில் உளநல சேவைகள் விரிவடைந்தன. 2005இல் தேசிய உளநலக் கொள்கையும் வந்தது. "அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம். அதன் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். எவ்வளவோ விளம்பர இலக்கங்களை மனப்பாடம் செய்திருக்கிறோம். இந்த நான்கு எண்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைக்கு மனநோய் என்றால் உங்கள் மனதில் முதலில் எழுவது "நாளைக்கு இவளுக்குச் சம்பந்தம் வருமா?" என்ற கேள்வி என்பது எமக்குத் தெரியும். அந்தப் பயம் பொய்யல்ல. எமது சமூகம் அப்படித்தான் இருக்கிறது. வெளியே யாருக்குச் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பது உங்கள் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் அந்தப் பயத்தில் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கல்யாணம் பேசுகிறார்கள் என்று வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தாதீர்கள். இப்படித் திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம், முன்னைவிடக் கடுமையாகவும் வரலாம். நீங்கள் மறைக்க நினைத்ததே கல்யாண வீட்டில் வெளிப்பட்டுவிடும். ஒழுங்காக மருந்தெடுக்கும் எத்தனையோ பெண்கள் படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். அவர்களை நாம் அடையாளம் காணாததற்குக் காரணம் அவர்கள் நலமாக இருப்பதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 10 முதல் 19 வயது வரையானவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நாற்பத்திரண்டு பேர் இருக்கும் ஒரு வகுப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆறு பேர். எல்லோருக்கும் கடுமையான நோய் என்று அர்த்தமல்ல. ஆனால் அந்த ஆறு பேருக்கும் பேச ஓர் இடம் வேண்டும்.

பாடசாலைகளில் உளவளத்துணைக்கு ஆசிரியை ஒருவரை நியமிப்பது நல்ல விடயம். ஆனால் அவருக்கே வாரத்துக்கு முப்பது பாடவேளையும் கொடுத்து, உளவளத்துணை அறையை ஆசிரியர் ஓய்வறைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளை போவாள்? அவள் கதவைத் தட்டும்போதே நான்கு ஆசிரியைகள் "என்ன மகள் பிரச்சினை?" என்று அன்போடுதான் கேட்பார்கள். அந்த அன்புக்குப் பயந்தே அவள் திரும்பிவிடுவாள். சொன்ன விடயம் அடுத்த நாள் வீட்டுக்கும் வகுப்புக்கும் போகாது என்ற உறுதி வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்லப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு சிறிய அறையும், ஒரு திரைச்சீலையும், சில பாடவேளைக் குறைப்பும் போதும்.

என்னைப் போல் குறுகிய பாடநெறி முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலுதவி பழகியவர் சத்திரசிகிச்சை செய்வதில்லை. மூன்று மாதச் சான்றிதழோடு "உளவளத்துணையாளர்" என்று பலகை மாட்டுவதும் அப்படித்தான். எங்கள் சான்றிதழ் எமக்குத் தருவது ஒரே ஓர் உரிமை. நன்றாகக் கேட்டு, சரியான இடத்துக்கு அனுப்பி வைக்கும் உரிமை. அதுவே சிறிய விடயம் அல்ல. எங்கள் ராத்தாவுக்கு அந்த உத்தியோகத்தர் செய்தது அதைத்தான்.

கேட்பது என்பது தனியான ஒரு பழக்கம். ஒரு நண்பி "எனக்கு ஒண்டுலயும் மனமில்ல" என்றால், "எனக்கும்தான்" என்று எமது கதையைத் தொடங்கக்கூடாது. "மத்தவங்களைப் பாரு, உனக்கு என்ன குறை?" என்று ஒப்பிடக்கூடாது. "எவ்வளவு நாளா இப்படி இரிக்கி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டும். துக்க வீட்டாருக்கும் நோயாளிக்கும் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கும்படி ஆயிஷா (ரலி) சொல்வார்கள் என்றும், அது உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் ஹதீஸில் படித்திருக்கிறோம். துன்பத்தில் இருப்பவரின் வாசலுக்குப் புத்திமதிக்கு முன்னர் சூடான கஞ்சி போக வேண்டும் என்றே நான் அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வகுப்பில் அண்மைக் காலமாக இடைவேளைக்கு வெளியே வராத ஒருத்தி இருந்தால், வேலையை இன்றே தொடங்கலாம். வாசிக்கும் உம்மாமாரே, வாப்பாமாரே, இன்றிரவு உங்கள் மகளிடம் பரீட்சைப் புள்ளியைப் பற்றிக் கேட்கும் முன், "நல்லாத் தூங்குறியா மகள்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும், முழுவதையும் கேளுங்கள்.